"சும்மா முள்ளுதான்" என்று சொல்லாதீர்கள்



இந்தப் பகுதியில் வழக்கமாக இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சி என்று எழுதி வருகிறேன். இந்த மாதம் ஒரு சின்ன முள்ளைப் பற்றியும், அதற்காக எழுத வேண்டிய சீட்டைப் பற்றியும் சொல்லப் போகிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு அக்கா, சம்பள நாளன்று மத்தியானம் டிஸ்பென்சரிக்கு வந்தார். வாசலில் கூட்டம். "டிரசர் ஐயா, சும்மா முள்ளுதான் குத்திடுச்சு. ஒரு பிளாஸ்டர் போட்டு விடுங்க, சம்பளம் வாங்கப் போகணும்" என்றார். நானும் அவசரத்தில் முள்ளின் நுனியை எடுத்தேன், மருந்து போட்டேன், புத்தகத்தில் "வலது கை நடுவிரல், முள், பிளாஸ்டர்" என்று எழுதினேன். அவ்வளவுதான். எங்கே குத்தியது, எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பத்து நாளில் விரல் மூட்டு வீங்கி, மடக்க முடியாமல் போனது. அரசாங்க மருத்துவமனையில் அறுவை செய்து, உள்ளே தங்கியிருந்த முள் துண்டை எடுத்தார்கள். நாலு வாரம் லீவு. சொக்சோவுக்கு எழுதப் போனபோதுதான் சிக்கல் வந்தது. மண்டோருக்கு விஷயமே தெரியாது. "வீட்டில் மீன் அறுக்கும்போது குத்தியிருக்கும்" என்று ஆபிஸில் ஒருவர் சொல்லிவிட்டார். என் புத்தகத்தைக் கேட்டார்கள். அதில் இருந்த நாலைந்து வார்த்தை யாருக்கும் உதவவில்லை. பக்கத்து நிரையில் வேலை செய்த இரண்டு பெண்கள் முன்வந்து சாட்சி சொன்ன பிறகுதான் காசு கிடைத்தது. அதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. அந்த அக்காவின் தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போய்விட்டது. விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

அன்றிலிருந்து என்னிடம் யார் காயத்தோடு வந்தாலும், கட்டுப் போடும்போதே கேள்வியும் கேட்டு எழுதி வைக்கிறேன். உங்கள் தோட்டத்து டிரசர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் காயத்தைக் கவனியுங்கள்

செம்பனை மட்டையின் முள் உள்ளே ஒடிந்து தங்கிவிடும். எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. ஸ்கேனில் தெரிய வாய்ப்புண்டு. ஆகவே முள் குத்திய இடம், அதிலும் விரல் மூட்டு, சில நாள் கழித்தும் வலித்தாலோ வீங்கினாலோ சூடாக இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் ஊசியால் நோண்டாதீர்கள்.

அரிவாளோ உளியோ பட்ட வெட்டுக்காயமானால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று டிரசரிடம் சொல்லுங்கள். கண்ணில் தூசியோ பட்டைத் துகளோ விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே வாருங்கள்.

இரண்டு பாதைகள்

வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்குச் சட்டத்தில் இரண்டு பாதைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

முதல் பாதை நோய். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இடுப்பு வலி போன்றவை. இதற்கு 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு மருத்துவ லீவு தருகிறது. தீபகற்ப மலேசியாவில் வேலை செய்பவர்களுக்கான கணக்கு இது:

இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 14 நாள்.

இரண்டு வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 18 நாள்.

ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் 22 நாள்.

மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை. முன்பு இந்த 60 நாளுக்குள்ளேயே மேலே சொன்ன நாள்களும் அடங்கின. 1.1.2023 முதல் 60 நாள் தனி, 14, 18, 22 நாள் தனி.

தோட்டம் நியமித்த டாக்டரிடம் தோட்டத்தின் செலவில் பார்த்துக் கொள்ளலாம். அவர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற வேறு டாக்டரின் சான்றிதழோ அரசாங்க டாக்டரின் சான்றிதழோ செல்லும். டிஸ்பென்சரியில் நான் எழுதும் சீட்டை ஏற்றுக்கொள்வது அந்தந்தத் தோட்டத்தின் நடைமுறை. சட்டம் கேட்பது டாக்டர் அல்லது பல் டாக்டர் தரும் எம்.சி. ஆகவே நான் "டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பினால், தட்டிக் கழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

எம்.சி. வாங்கியதோடு வேலை முடியவில்லை. லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். எம்.சி.யைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நாலாம் நாள் பெரட்டுக்குப் போனால், அனுமதியில்லாமல் வராதவர் என்றுதான் கணக்கு. அதுமட்டுமல்ல, தகுந்த காரணமும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தை முறித்ததாகவே சட்டம் கருதும். கைபேசியில் மண்டோருக்கு எம்.சி.யின் படத்தை அனுப்பி வையுங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

இரண்டாவது பாதை வேலையில் ஏற்பட்ட விபத்து. இதற்குச் சொக்சோ இருக்கிறது. 1969 ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது. விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளோ அதற்கு மேலோ டாக்டர் லீவு கொடுத்தால், சொக்சோ தற்காலிக ஊன உதவித்தொகை தரும். சொக்சோ கணக்கிடும் ஒரு நாள் சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அந்தச் சராசரி 60 வெள்ளி என்றால் நாளுக்கு 48 வெள்ளி கிடைக்கும். சொக்சோ பணம் வாங்கும் நாள்களுக்குத் தோட்டத்தின் மருத்துவ லீவுச் சம்பளமும் சேர்த்துக் கேட்க முடியாது. விபத்துக்கான சிகிச்சைச் செலவும், கையோ காலோ நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டால் மருத்துவக் குழு மதிப்பிட்டுத் தரும் தொகையும் இதே பாதையில்தான் வரும்.

இங்கேயும் ஒரு 48 மணி நேரம் இருக்கிறது. விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? அந்த அக்கா சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. முள் முதல் நாளே சின்னதாகத்தான் இருந்தது. விபத்து பெரிதானது பத்தாம் நாள்.

புத்தகத்தில் ஏற வேண்டிய ஐந்து

1. எந்தத் தேதி, எத்தனை மணி.

2. எந்த இடம். வெட்டுக்காட்டில் எத்தனையாம் நம்பர், எந்த நிரை.

3. என்ன வேலை செய்து கொண்டிருந்தீர்கள்.

4. எது பட்டது, உடம்பில் எங்கே. வலதா இடதா.

5. யார் பார்த்தார்கள். மண்டோரிடம் எப்போது சொன்னீர்கள்.

டிரசர் எழுதியதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எம்.சி., மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அடையாளக் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

டிஸ்பென்சரியில் கேட்கும் கேள்விகள்

"பூட்ஸ் போடாம போனது என் தப்புதான். சொன்னா திட்டுவாங்களே?"

திட்டு ஒரு நாளில் போய்விடும். கவனக்குறைவுக்குப் பயந்து காயத்தை மறைக்காதீர்கள். சொக்சோ முக்கியமாகப் பார்ப்பது, காயம் வேலையால் வந்ததா என்பதைத்தான்.

"காலையில வேலைக்கு வர்ற வழியில மோட்டார் சைக்கிள்ல விழுந்துட்டேன்."

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நேராக வந்து போகும் பயணத்தில் நடந்த விபத்தும் சேரும். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். போலீஸ் புகார் செய்து, அதன் நகலை வைத்துக் கொள்ளுங்கள்.

"டாக்டர் ரெண்டு நாள்தான் லீவு கொடுத்தார். எதுக்குச் சொக்சோ?"

அந்த இரண்டு நாளுக்கு உங்கள் மருத்துவ லீவிலிருந்து தோட்டம் சம்பளம் தரும். ஆனாலும் விபத்தைப் பதிவு செய்யுங்கள். பின்னால் காயம் முற்றினால் அந்தப் பதிவுதான் உங்களுக்குத் துணை.

"எங்க நிரையில வேலை செய்யுற வெளிநாட்டுத் தம்பிக்கும் உண்டா?"

உண்டு. சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் 1.1.2019 முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவருக்கு மொழி தெரியாவிட்டால் நீங்கள் கூட வந்து சொல்லுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கிராணிமார்களும் மண்டோர்களும் இந்தப் பகுதியைப் படிப்பது எனக்குத் தெரியும். காயம் வீட்டில் பட்டதா காட்டில் பட்டதா என்று பெரட்டுக்களத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தொழிலாளி சொல்வதை அப்படியே எழுதி, காலத்தோடு அறிக்கை அனுப்புங்கள். விசாரித்து முடிவு செய்வது சொக்சோவின் வேலை. அறிக்கை அனுப்புவதால் தோட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடாது. ஒரே நிரையில் மூன்று பேருக்கு முள் குத்தியது என்று எழுத்தில் தெரிந்தால்தான், தடித்த கையுறை வாங்க வேண்டும் என்பதும் தெரியும்.

சொல்லியும் அறிக்கை போகவில்லை என்றால், தொழிலாளி தாமாகவே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்த் தெரிவிக்கலாம். மருத்துவ லீவுச் சம்பளம் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு முன் உங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் உறையோடு போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

தாய்மார்களே, இன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கையையும் பாருங்கள். முள் இருந்தால் நாளைக் காலை பெரட்டில் மண்டோரிடம் சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். பிளாஸ்டர் போட ஐந்து நிமிடம், எழுத இன்னொரு ஐந்து நிமிடம். வாசலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.