திருமடைப்பள்ளி கற்பிக்கும் பாடம்

திருக்கோயில்களில் திருமடைப்பள்ளி பெரும்பாலும் அக்நி மூலையாகிய தென்கிழக்கில் அமைந்திருப்பதைச் சேவார்த்திகள் கண்டிருப்பர். அடுப்பின் இடம் முதலில் நிச்சயமாகிறது. ஏனையவை அதனை அநுசரித்து அமைகின்றன. உற்சவ காலத்தில் ததீயாராதனம் நடைபெறும் பொதுச் சமையற்கூடங்களுக்கும் இதுவே முதற்பாடம்.

இல்லத்துச் சமையலறையில் குறையிருப்பினும் புழங்குபவர் கை அதற்குப் பழகிவிடும். பொதுக்கூடத்திலோ, முன்பின் கண்டிராத பல ஊர்க் கைங்கர்யபரர்கள் ஒரே கூரையின்கீழ்ப் பணி புரிகின்றனர். ஆகவே இடத்தின் அமைப்பே அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

உக்கிராணம், அரிசி களைந்து காய் திருத்தும் இடம், அடுப்பு, சாதம் வடிக்கும் இடம், பந்திக்குச் செல்லும் வாசல் என்று பண்டம் ஒரே திசையில் செல்லுதல் நலம். கொதிக்கும் சாற்றமுதை இருவர் தூக்கி வருகையில் விறகுச் சுமையுடன் ஒருவர் எதிர்ப்பட்டால் விளையும் விபரீதம் பெரிது. ஆதலின் விறகுக்கும் எரிவாயு உருளைக்கும் வெளிப்புறமாகத் தனிவழி வேண்டும். பாத்திரம் துலக்கும் முற்றம் பந்திக்கு அருகிலும் அடுப்புக்கு அப்பாலும் இருக்கட்டும்.

சாதம் தொட்ட கையால் உக்கிராணப் பண்டங்களைத் தொடலாகாது என்பது பெரியோர் கைக்கொண்ட ‘பத்து’ என்னும் நியமம். ஈரக்கை பட்டால் சேமித்த பண்டம் கெடும். பச்சைப் பண்டத்தின் கிருமி சமைத்ததில் சேரலாகாது என்கிறது சுகாதார நூல். இரண்டுக்கும் இடையே ஒரு சுவரும் இரு புறமும் கைகழுவ நீரும் அமைந்தால் இரு விதிகளும் எளிதில் நிறைவேறும். சமைத்த அன்னம் 60 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டுமாதலால், அடுப்புக்கும் பந்திக்கும் தூரம் குறைந்திருத்தல் அவசியம்.

திருமலையில் 1985இல் நித்ய அன்னதானம் தொடங்கிற்று. 2011இல் தரிகொண்ட வெங்கமாம்பாவின் திருநாமத்தால் எழுந்த கட்டடத்தில், ஏறத்தாழ 1,000 பேர் அமரும் நான்கு கூடங்கள் உண்டு. ஒரே பெருங்கூடமாக அன்றிப் பலவாகப் பிரித்தமையால், ஒன்றைத் துப்புரவு செய்கையில் மற்றொன்றில் பந்தி நடத்த இயலும்.

அத்திருமலைக் கோயிலிலேயே வகுளமாலிகை அன்னையார், சுவரிலுள்ள துவாரத்தின் வழியே மடைப்பள்ளியைக் கண்காணிப்பதாக ஐதிகம். மேற்பார்வையாளர் நெருக்கடிக்குள் புகாமலே எல்லா அடுப்புகளையும் காணும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

கரண்டிக்கும் சட்டுவத்திற்கும் சுவரில் குறித்த இடம் இருக்கட்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் துலக்கி வைப்பது, மறுநாள் விடியுமுன் அடுப்பு மூட்ட வரும் முகமறியாத அடியார்க்குச் செய்யும் கைங்கர்யமேயாம்.