பழைய சைக்கிள் சேர்க்க வரும் தம்பிகளுக்கு

பழைய சைக்கிள் மேல் ஆசை வந்துவிட்டது என்று கடமலைக்குண்டில் என்னைத் தேடி வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. விக்டோரியா ராணி காலத்து வண்டிதான் வேண்டும் என்று ஊர் ஊராக அலையாதீர்கள். முன்சக்கரம் நெஞ்சு உயரம் நிற்கும் வண்டி என்று விலை சொல்லப்படுபவற்றில் பலவும் கடை அலங்காரத்துக்காகச் செய்தவை. பளபளவென்று குரோமியம் பூசியிருந்தால் உஷாராகுங்கள். அந்தக் காலத்தில் நிக்கல் பூச்சுதான், அதில் லேசான மஞ்சள் சாயல் தெரியும்.

உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் தாத்தாவின் வண்டி சாய்ந்து கிடக்கும், முதலில் அதை வெளியே எடுங்கள். அதன் உடம்பு முழுக்க ராணி காலத்து வேலைதான். உருளைச் செயினை ஹான்ஸ் ரெனால்டு கொண்டுவந்தது 1880. பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் ரோவர் வண்டியை கோவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்தது 1885. பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியம் பார்த்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியது 1888. பத்து வருஷத்துக்குள் எல்லாம் கூடிவிட்டது. பால்கேனைக் கட்டிக்கொண்டு வருசநாட்டு ரோட்டில் மிதித்தவர்கள் மிதித்தது அந்த வண்டியைத்தான்.

2. பெயர் அழிந்துபோயிருந்தால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். ராலே என்றால் கொக்குத் தலை வெட்டியிருக்கும், ரட்ஜ் என்றால் விரித்த கை, பி.எஸ்.ஏ. என்றால் அந்த எழுத்துகளே. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் இருந்தால் அதன் மேல் மாதமும் வருஷமும் பொறித்திருக்க வாய்ப்புண்டு, அழுக்கைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். ஹெர்குலிஸ் வைத்திருப்பவர்கள் அது பர்மிங்ஹாமா அம்பத்தூரா என்று பாருங்கள். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு அம்பத்தூரிலேயே செய்தார்கள். அம்பத்தூர் வண்டி என்று மட்டமாக நினைக்க வேண்டாம், நம் கைவேலை அது.

3. பெயின்ட் அடிக்காதீர்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மட்கார்டில் கையால் இழுத்த தங்கக் கோடும், பாரில் ஒட்டிய கம்பெனிப் பெயரும் ஒருமுறை போனால் போனதுதான். ஸ்பிரே அடித்த வண்டி புதுசு மாதிரி நிற்கும், ஆனால் எண்பது வருஷம் உழைத்த அடையாளம் எதுவும் அதில் இருக்காது. ஈரத்துணியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். குரோமிய ரிம்மில் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும்.

4. ஓவராயில் நீங்களே பண்ணுங்கள். கீழே வெள்ளை வேட்டி விரித்து உட்காருங்கள். கிராங்கைக் கழற்றும்போது காட்டர் பின்னை நேரே சுத்தியால் அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் கட்டை முட்டுக்கொடுத்து, மேலே மரத்துண்டு வைத்து ஒரே போடு போடுங்கள். பால்ரஸ் எத்தனை விழுந்தது என்று எண்ணி எழுதிவைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸில் உட்கார வையுங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை. தெரியாமல் முறுக்குகிறவர்கள் கிராங்கையே கெடுத்துவிடுவார்கள்.

5. தோல் சீட்டில் எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊறித் தொங்கிவிடும்.

6. புனே பக்கம் போனால் கர்வே நகரில் விக்ரம் பென்ட்சேயின் சைக்கிள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்கள் மடித்துக்கொண்டு குதித்த பி.எஸ்.ஏ. வண்டி அங்கே இருக்கிறது. ஒரு மனிதர் ஆசைப்பட்டுச் சேர்த்தது அத்தனையும்.

7. யாரிடமாவது வாங்கினால், அந்த வீட்டுப் பெரியவரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்த வருஷம், என்ன விலை, யார் யார் ஓட்டியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். முன்பெல்லாம் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை கொடுத்தார்கள். அது பெட்டியில் கிடந்தால் வண்டியோடு சேர்த்து வாங்கி, பழைய இடத்திலேயே மாட்டுங்கள்.