கூட்டு பேண்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இந்திய ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது லண்டனில் மகள் வீட்டோடு இருக்கிறேன். கேடட் பேண்டில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், வேறு நாட்டு பேண்டோடு முதல் தடவை சேர்ந்து வாசிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

1. முதல் வேலை சுருதி சேர்ப்பது. இதைச் சடங்குபோல அவசரமாக முடிக்காதீர்கள். 1854-ல் கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் படைகள், துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் விக்டோரியா ராணியின் பிறந்த நாளைக் கொண்டாடின. பேண்டுகள் எல்லாம் சேர்ந்து ராணி வாழ்த்தை வாசித்தன. ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் சொந்த சுருதியில், தன் சொந்த அமைப்பில் வாசித்தது. கூட்டணி நாட்டு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே பாட்டு ஒன்றோடொன்று மோதியது. ராணியின் உறவினரான கேம்பிரிட்ஜ் கோமகன் இதை மறக்கவில்லை. அவர் முயற்சியால் 1857-ல் லண்டனின் மேற்கே, ட்விக்கன்ஹாம் பக்கம் நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி தொடங்கியது. 2021-ல் போர்ட்ஸ்மவுத்துக்குப் போகும்வரை அங்கேதான் நடந்தது. ஒரே நாட்டுப் படைகளுக்கே அந்த நிலை என்றால், இரண்டு நாடு சேரும்போது எவ்வளவு கவனம் வேண்டும் பாருங்கள்.

இன்னொன்று. 1859-ல் பிரான்ஸ் 'ஏ' என்ற ஸ்வரத்தை வினாடிக்கு 435 அதிர்வு என்று சட்டமாக்கியது. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளோ 1920களின் கடைசி வரை சுமார் 452-ல் வாசித்தன. ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்கும் மேல் இடைவெளி. அப்போதெல்லாம் சேர்ந்து வாசிக்க நினைத்தால் வாத்தியத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். 440 என்ற பொது அளவைப் பல நாட்டார் கூடி ஒப்புக்கொண்டது 1939 மே மாதம், இதே லண்டனில். இன்றும் சில ஐரோப்பிய பேண்டுகள் 442-க்கு வைக்கின்றன. அதனால் விருந்தாளி பேண்டிடம் முதலில் எந்த அளவு என்று கேளுங்கள். வெளியே குளிரில் நின்றால் கிளாரினெட் இறங்கும், சூடான அரங்குக்குள் வந்தால் ஏறும். ஊதிச் சூடாக்கிய பிறகே பேரலை இழுத்துச் சரி பாருங்கள். பேக்பைப் கூட வருகிறதென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அவர்கள் தாளில் 'ஏ' என்று எழுதியிருப்பது நம் பி-ஃபிளாட்டுக்கும் சற்று மேலேயே ஒலிக்கும். அவர்கள் இறங்கி வர மாட்டார்கள், நாம்தான் போய்ச் சேர வேண்டும்.

2. அடுத்தது காலப்பிரமாணம். லண்டன் காவல் படையின் நடை நிமிடத்துக்கு 116 அடிக்குள் இருக்கும். ரைஃபிள்ஸ் படையினர் 140 அடி போவார்கள். பிரெஞ்சு அயல்நாட்டுப் படை 88 அடிதான், யானை அசைந்து வருவதுபோல வரும். யாருடைய நடை சரி என்று கேட்காதீர்கள். அவரவர் உடம்பில் ஊறியது அது. ஒத்திகைக்கு முன் பெரிய டிரம் வாசிப்பவர்களை ஒன்றாக உட்காரவைத்து, தொடையில் தட்டி ஒரு நடையை முடிவு செய்யச் சொல்லுங்கள். திருவிழாவில் இரண்டு செட் நாகஸ்வரம் சேரும்போது தவில்காரர்கள் முதலில் கண்ணால் பேசிக்கொள்வார்களே, அதேதான்.

3. காதை நம்பாதீர்கள், கோலைப் பாருங்கள். வினோதமாகத் தோன்றும், ஆனால் கணக்கு இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானம் போன்ற பெரிய இடத்தில் 50 மீட்டர் தள்ளி நிற்கும் டிரம் உங்கள் காதுக்கு வர 0.15 வினாடி ஆகும். 116 நடையில் ஒரு காலடிக்கே அரை வினாடிதான். கேட்டு வாசித்தால் கால் அடி பின்தங்கிவிடுவீர்கள், உங்களைக் கேட்டு வாசிப்பவர் இன்னும் பின்தங்குவார். ஒருமுறை நான் காதை நம்பி வாசித்து ஒரு வரிசையையே இழுத்துக்கொண்டு போனேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. டிரம் மேஜரின் கோல் ஏறி இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். மண்டபத்துக்குள்ளும் எச்சரிக்கை வேண்டும். 1871-ல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலில் எதிரொலி அவ்வளவு மோசமாக இருந்ததால்தான், கூரையிலிருந்து காளான் போன்ற தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். 1973 முதல் மவுன்ட்பேட்டன் இசை விழாவில் ராயல் மெரீன்ஸ் பேண்டுகள் வாசிப்பது அங்கேதான். போனால் அண்ணாந்து பாருங்கள்.

4. அவர்கள் பாட்டை உங்கள் பாட்டாக வாசியுங்கள். ராயல் மெரீன்ஸின் மெதுநடைப் பாட்டு ரஷ்யக் காவல் படையினுடையது. மவுன்ட்பேட்டன் பிரபு 1964-ல் கொடுத்தது. நாங்கள் டெல்லி விஜய் சவுக்கில் ஜனவரி 29 மாலை, படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் வாசித்து வந்த 'அபைட் வித் மீ' மெட்டைப் போட்டவர் வில்லியம் மங்க், லண்டன் ஆர்கன் கலைஞர். 2022-ல் அதை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்தி இருளில் மணி ஓசையோடு அதை வாசித்தவனுக்கு அது அயல் பாட்டே இல்லை.

நம் பக்கம் பாருங்கள். சென்னை மணலியில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்தில் நொட்டுஸ்வரங்கள் செய்தார். ஸ்குட்டாரியில் குழம்பிப்போன அதே அரச வாழ்த்து மெட்டில்தான் அவருடைய 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. தீட்சிதர் மறைந்தது 1835-ல், அந்தக் குழப்பத்துக்கு முன்பே. வீட்டில் அதைப் பாடிப் பழகிவிட்டு, பிறகு கிளாரினெட்டில் வாசியுங்கள்.

5. விருந்தாளியின் தேசிய கீதத்தை மனப்பாடமாக, தாள் இல்லாமல் வாசியுங்கள். அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, 2001 செப்டம்பர் 13 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில், காவல் மாற்றும்போது கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் பேண்டு அமெரிக்க கீதத்தை வாசித்தது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் அழுதார்கள். அன்று ஒரு ஸ்வரம் தவறியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நம் ஜன கண மன 52 வினாடிதான். இன்னொருவருடைய கீதம் அதைவிட நீளமாகவும் இருக்கலாம், அதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

6. ரீடு நான்கு எடுத்துப் போங்கள். தாள் செருகும் கவ்வியை இறுக்கிப் பாருங்கள். இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

7. ஒத்திகைக்கு அரை மணி முன்னால் போங்கள். விருந்தாளி பேண்டின் கிளாரினெட்காரர் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். பேச மொழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ரீடில் ஒன்றைக் கொடுங்கள், அவருடையதை வாங்கி ஒரு ஸ்வரம் ஊதிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று கவனித்து, உங்கள் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவையுங்கள்.