கோபுரப் புறாக்களும் திருப்பணியும்

ஆலயக் கோபுரங்களில் மாடப்புறாக்கள் குடியேறுவது புதிதன்று. இவற்றின் மூதாதையர் பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை; சுதைப் பொம்மைகளுக்கு இடையிலுள்ள பொந்தும் அவற்றுக்குப் பாறை இடுக்கே. ஆயினும் எச்சம் வர்ணத்தையும் சுதையையும் அரித்துவிடும். காய்ந்த எச்சத்தின் தூசி சுவாசப்பைக்குத் தீங்கானது. நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டே அள்ளவேண்டும்.

கும்பாபிஷேகம் நெருங்கியதும் அவசர அவசரமாகப் பொந்துகளைச் சீமெந்தால் அடைப்பதுண்டு. உள்ளே குஞ்சு இருந்தால் பட்டினியில் சாகும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே இரையூட்டும் இனமாதலால் இரண்டுமே வெளியில் சிறகடித்துத் தவிக்கும். (நஞ்சு வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.)

புறா பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு பொரிக்கும்; அது பறக்க மேலும் நான்கைந்து வாரம் செல்லும். ஆகவே வர்ணவேலைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஏணி வைத்து ஒவ்வொரு பொந்தாகப் பார்ப்பது அவசியம். வெறும் பொந்தை அன்றே அடைக்கலாம். கூடுள்ளதைக் குஞ்சு பறந்தவுடன் அடைக்கவேண்டும். தாமதித்தால் மறுபடி முட்டை வந்துவிடும்.

வீதியில் நெல் இறைப்பதைப் புண்ணியமென்றே பலர் செய்கின்றனர். ஆனால் இரை கிடைக்கும்வரை புறா அயலை விட்டுப் போகாது. திறந்த மாடங்களுக்கு 2 அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள நைலோன் வலையை இறுக்கிக் கட்டலாம். தொய்ந்த வலையில் பறவை சிக்கி மாளும். மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும்.