மஹல்லாவை விட்டுப் பிரியும் முன்...





சென்ற வாரம் மஃரிபுக்குப் பின் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். 28 வருடங்களாக இங்கே வாடகைக்குக் குடியிருந்தவர். மகனோடு வேறு ஊருக்குப் போகிறார்.

"ஹஜ்ரத், சாமான்களைக் கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. சாக்கடைத் தகராறில் நான்தான் வார்த்தையை விட்டேன். அவர் மாற்று மதத்தவர். இனி அவரைப் பார்க்கப் போவதுமில்லை. அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலையே இன்று நம் அனைவருக்கும் சொல்கிறேன்.

ஊரைப் பிரியும் துக்கம்

வாழ்ந்த இடத்தைப் பிரியும்போது கண் கலங்குவது ஈமானின் பலவீனம் அல்ல. கி.பி. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தமது 53 வருட ஊரான மக்காவை நோக்கிப் பேசினார்கள். அல்லாஹ்வின் பூமியிலேயே நீதான் எனக்கு மிகப் பிரியமானவள், உன் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் நான் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் அமைந்த அந்த வார்த்தைகள் திர்மிதீயில் பதிவாகியுள்ளன.

மதீனா சென்ற பிறகு பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் படுத்த நிலையிலும் மக்காவின் பள்ளத்தாக்குகளை நினைத்து ஏங்கினார்கள். அதற்காக நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அதைவிட அதிகமாக மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள் (புகாரி).

ஆகவே, பிள்ளை பெற்று வளர்த்த வீட்டின் வாசலில் நின்று ஒரு தாய் அழுதால், யாரும் கேலி செய்ய வேண்டாம். போகும் ஊரையும் பிரியமாக்கும்படி துஆச் செய்யுங்கள்.

அமானிதம் யாருடையது?

துக்கம் இருக்கட்டும், கணக்கு என்னாவது?

நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே ஊர்க்காரர்கள்தாம் தங்கள் பொருட்களை அவர்களிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும் அவற்றை ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் தங்கி, உரியவர்களிடம் சேர்த்துவிட்டே புறப்பட்டார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. ஊரை விட்டுத் துரத்தியவர்களின் பொருள்தானே என்று நினைக்கவில்லை.

நாம் வீடு மாறும்போது? மளிகைக் கடைப் பற்று, பள்ளிவாசல் சந்தா பாக்கி, கரண்ட் பில், இரவல் வாங்கிய ஏணி, திருப்பித் தராத பாத்திரம் எல்லாம் அமானிதமே. "போகிற இடத்திலிருந்து அனுப்பிக் கொள்ளலாம்" என்று சொன்ன எத்தனையோ பாக்கிகள் மறந்தே போயின.

உள்ளங்களின் கடன்

காசைவிடக் கனமானது, காயப்படுத்திய உள்ளம். சகோதரனுக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருமுன் இன்றே தீர்த்துக் கொள்ளட்டும், இல்லையேல் அவரது நன்மைகள் எடுக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி).

அண்டை வீட்டார் முஸ்லிம் இல்லையென்றால்? அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யச் சொல்லும் இறைவசனம் (4:36) மதத்தைக் கேட்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள் (திர்மிதீ). முஆத் (ரலி) அவர்களை வேதக்காரர்கள் வாழ்ந்த யமனுக்கு அனுப்பும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை, அதை அஞ்சுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பினார்கள் (புகாரி).

காலடிகள் எழுதப்படுகின்றன

பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிவாசலுக்கு அருகே குடிமாற விரும்பினார்கள். உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). நாம் வீட்டைக் காலி செய்யலாம். இந்தத் தெருவில் பள்ளிக்கு நடந்த காலடிகள் காலியாவதில்லை. சண்டைக்கு நடந்தவையும் அப்படியே. மறுமையில் பூமி தன் செய்திகளை அறிவிக்கும் என்கிறது ஸில்ஸால் சூரா.

அந்தப் பெரியவர் மறுநாளே பக்கத்து வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் சற்று நேரம் பேசவேயில்லையாம். பிறகு, "உள்ள வாங்க பாய், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாராம். புதன்கிழமை பீரோவை வண்டியில் ஏற்றியபோது ஒரு முனையைப் பிடித்தவர் அவர்தான்.

சகோதரர்களே! வீடு மாறுகிறவருக்குத் தேதி தெரியும். அதனால் போய்க் கதவைத் தட்ட முடிந்தது. ஜனாஸாவாகப் புறப்படும் நாளின் தேதி நமக்குத் தெரியாது. அன்று நமக்காக வாரிசுகள்தாம் மன்னிப்புக் கேட்டு நிற்பார்கள். பேசாமல் இருக்கும் அண்டை வீட்டாரிடம் இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே பேசிவிடுங்கள்.

யா அல்லாஹ்! பிரிந்து செல்வோரின் மார்க்கத்தையும் அமானிதத்தையும் உன் பாதுகாப்பில் ஒப்படைக்கிறோம். அடியார்களின் ஹக்குகளை நிறைவேற்றிய நிலையில் எங்களை மரணிக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.