கரடியும் ககரமும்: ஓர் இளம் சித்திரக் கலைஞருக்குக் கடிதம்



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் உழைப்போரின் பிள்ளைகள் பார்த்தவாறே வாசிக்கப் பழகுவதற்கென்று ஒரு கார்ட்டூன் தொடர் செய்ய முனைந்திருப்பதாக எழுதி, முதற்பகுதியின் படங்களையும் அனுப்பி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். கரடியின் சேஷ்டைகளைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். எனினும், எழுத்தைக் கற்பிக்க வந்த தொடரில் எழுத்தே கரடியின் காலடியில் ஒடுங்கிக் கிடப்பது எனக்குச் சம்மதமில்லை.

அசைவதன் பின்னே கண் ஓடுவது பிராணி சுபாவம். ஆகையால், கரடி குட்டிக்கரணம் போடும் அதே க்ஷணத்தில் அதன் பெயரைக் கீழே எவ்வளவு பெரிதாக எழுதினாலும், குழந்தை கரடியைப் பார்க்குமேயன்றிப் பெயரைப் பாராது. பிரிஜ் கோத்தாரி 2004-இல் தொடங்கிய புக்பாக்ஸின் கதைப்படங்களைப் பார். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அமைந்த அவற்றில், குரல் எந்தச் சொல்லை உச்சரிக்கிறதோ அந்தச் சொல் உடனுக்குடன் திரையில் நிறம் மாறுகிறது. எளிய யுக்தி, ஆனால் அது பலிப்பதற்குப் படம் அந்நேரம் சற்றே ஓய்ந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அசைவையே ஜீவனமாகக் கொண்டவனுக்கு இது கடினமான விரதந்தான்!

அசைவை அறவே துறக்கச் சொல்லவில்லை. அதை எழுத்துக்குத் தானம் செய் என்கிறேன். ‘கெ’ என்று எழுதுகையில் கொம்பு முந்துகிறது, ஒலிக்கையில் ககரம் முந்துகிறது. ‘கொ’விலோ ஓர் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. அச்சுப் புத்தகம் காட்டவியலாத இந்த விசித்திரத்தை, கொம்பையும் காலையும் திரையில் நடக்கவிட்டு நீ நொடியில் விளக்கிவிடலாம். (1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை முதலியவற்றின் துதிக்கைகளை நீக்கி உன் வேலையைக் குறைத்துவிட்டது, அந்த யானைகள் போனதில் எனக்கு இன்றளவும் வருத்தமே.)

உன் பிரதேசத்தின் விசேஷத்தையும் மறவாதே. ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திரம். தெலுங்கு பேசும் இல்லங்களோடு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களும் அங்கே உண்டு. கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று; கல்லின் ஒலியையும் தங்கத்தின் ஒலியையும் வெவ்வேறாகவே வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தை இங்கே திகைத்தால் அது அறிவின் குறையன்று. எனவே தனியெழுத்தை அந்தரத்தில் மிதக்கவிட்டு அதற்கு ஒரே ஒலியைச் சூட்டாமல், சொல்லுக்குள் வைத்தே ஒலிக்கச் செய்.

கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய எழுந்த எண்ணும் எழுத்தும் திட்டம், 2022 ஜூனில் உங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பெற்றது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே பயிற்சி தரும் சௌகரியம் அதற்கு உண்டு. உனக்கு இருப்பது ஒரே திரை. நீ அரும்பை மட்டும் மனத்திற்கொள். மற்றவர்கள் கதைக்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

முதற்பகுதி முடிந்ததும், ஆசிரியரின் அனுமதி பெற்று ஒரு வகுப்பில் அதைக் குரலோடு இருமுறை ஓட்டிய பிறகு, மூன்றாம் முறை ஒலியை அடைத்துவிட்டு, திரையை விடுத்துப் பிள்ளைகளின் முகங்களைப் பார். சொல் வருமிடத்தில் அவர்களாகவே வாசித்தால் படம் தேறியது; கரடி வருமிடத்தில் சிரிப்பு மட்டும் எழுந்தால், தயவுதாட்சிணியமின்றிக் கரடியை வெட்டிவிடு.