உறையவில்லை, காத்திருக்கிறது!



சென்ற பள்ளி விடுமுறையில் தைப்பிங்கில் உள்ள என் பெற்றோர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அப்பாவின் மேசைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இருக்கிறது. புதிய அஞ்சல்களைப் பெறும் பொத்தானைச் சொடுக்கியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. சுட்டியை எங்கே அழுத்தினாலும் அசைவில்லை. சற்று நேரத்தில் சாளரம் வெளிறி, மென்பொருள் பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பு வந்தது.

“அக்கா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்,” என்றான் தம்பி.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவருடைய அஞ்சல்கள் பாப்3 என்ற முறையில் இறங்குபவை. கணினிக்கு வந்து சேர்ந்ததும் சேவையகத்தில் நகல் தங்காதபடி அவர் அமைத்திருந்தார். காலமாகிவிட்ட பெரியப்பா எழுதிய கடிதங்கள் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தன. கோப்புறையோடு சேர்த்து அழித்திருந்தால் அவை திரும்பக் கிடைத்திருக்காது.

ஆகவே, பழுதறியும் வேலையில் முதல் விதி இது: எதையும் தொடுமுன் நகல் எடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, அஞ்சல்கள் இருந்த கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டோம். அதன் பிறகே ஆய்வைத் தொடங்கினோம்.

திரை ஏன் உறைகிறது?

உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரே ஒரு பணியாளர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு தீர்ந்துவிட்டது. அவர் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, பதில் வரும்வரை காதில் கைப்பேசியோடு நிற்கிறார். முகப்பில் நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் மயங்கிவிடவில்லை, காத்திருக்கிறார். இரண்டாவது பணியாளர் ஒருவர் இருந்தால், ஒருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள மற்றவர் உங்களைக் கவனிப்பார்.

மென்பொருளுக்குள் இப்படி வேலை செய்யும் பணியாளரை ‘இழை’ என்கிறோம். திரையைக் கவனிக்கும் முதன்மை இழையே சேவையகத்தின் பதிலுக்காக நின்றுவிட்டால், உங்கள் சொடுக்குகளைக் கவனிக்க ஆள் இல்லை. ஒரு சாளரம் சுமார் 5 விநாடிகளுக்கு எதற்கும் செவிசாய்க்காவிட்டால், அது பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் முடிவு செய்துவிடும்.

எங்கே காத்திருக்கிறது?

மின்னஞ்சல் மென்பொருள் சேவையகத்தை அடைய நான்கு படிகளைக் கடக்க வேண்டும்.

1. சேவையகத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கண்டறிதல். இது தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டுவது போன்றது.
2. அந்த முகவரியில் உரிய வாயிலைத் தட்டுதல். மறையாக்கத்துடன் கூடிய பாப்3 முறைக்கு 995, ஐமேப் முறைக்கு 993 என்பன வழக்கமான வாயில் எண்கள். “பேசலாமா?” “பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?” “கேட்கிறது” என மூன்று செய்திகள் பரிமாறப்பட்டதும் இணைப்பு உருவாகிறது.
3. சேவையகம் தன் சான்றிதழைக் காட்டுதல். இரு தரப்பும் மறையாக்கத்திற்கு உடன்படுதல்.
4. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்தல்.

இரண்டாம் படியில் ஒரு சுவையான செய்தி உண்டு. வாயில் மூடியிருந்தால் சேவையகம் பெரும்பாலும் உடனே “முடியாது” என்று பதில் அனுப்பிவிடும். பிழைச் செய்தி நொடியில் வந்துவிடும். ஆனால், இடையில் உள்ள தீயரண் நம் செய்தியைச் சத்தமின்றி விழுங்கிவிட்டால் பதிலே வராது. கணினி விட்டு விட்டுத் தட்டிப் பார்க்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுநாள் இருந்துவந்த அமைப்பின்படி, காத்திருக்கும் நேரம் 1, 2, 4, 8, 16, 32, 64 விநாடிகள் என இரட்டிப்பாகும். கூட்டினால் 127 விநாடிகள்! மறுப்பு விரைவில் வந்துவிடும்; மௌனம்தான் நம்மைக் காக்க வைக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

அறிவியல் கூடத்தில் செய்வதையே இங்கும் செய்தோம். திரை உறைகிறதா என்பது சார்பு மாறி. ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றினோம், மற்றவற்றை மாற்றவில்லை.

சோதனை 1: இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு மென்பொருளைத் திறந்தோம். பழைய கடிதங்கள் தடையின்றித் திறந்தன. ஆகவே, கோப்புகள் கெடவில்லை. இணைக்க முயலும்போதுதான் சிக்கல்.

சோதனை 2: கம்பியை மீண்டும் மாட்டி, உலாவி வழியாக அதே அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்தோம். புதிய கடிதங்கள் அங்கே காத்திருந்தன. சேவையகம் இயங்குகிறது, கடவுச்சொல்லும் சரி. ஆனால், அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. உலாவி பயன்படுத்துவது 443 என்ற வேறு வாயில். 995ஆம் வாயிலுக்குச் செல்லும் பாதையை இச்சோதனை தொடவே இல்லை.

சோதனை 3: கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தினோம். மீண்டும் உறைந்தது. வீட்டு மோடத்தின் மீதிருந்த சந்தேகம் குறைந்தது.

சோதனை 4: தண்டர்பேர்டில் கூடுதல் இணைப்பு நிரல்களை முடக்கித் திறக்கும் வசதி ஒன்று உண்டு. அப்படித் திறந்தும் உறைந்தது.

எஞ்சியிருந்தது கணினிக்குள்ளேயே மென்பொருளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ஒன்று: நச்சுநிரல் தடுப்பான். சில தடுப்பான்கள் அஞ்சல் இணைப்பை இடைமறித்துச் சோதித்த பிறகே உள்ளே விடும். அதுதான் காரணம் என்பது எங்கள் கருதுகோள்.

சோதனை 5: தடுப்பானில் அஞ்சல் சோதனையை மட்டும் இரண்டு நிமிடங்கள் நிறுத்தினோம். அஞ்சல்கள் மளமளவென்று இறங்கின! மீண்டும் இயக்கினோம், உறைந்தது. திருப்பிப் பார்த்தும் அதே முடிவு கிடைத்ததால் கருதுகோள் ஏற்கப்பட்டது.

தடுப்பானை அணைத்தே வைத்திருக்கலாமா? கூடாது. அது வீட்டின் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். தடுப்பானின் புதிய பதிப்பை நிறுவி, அஞ்சல் சோதனையை மீண்டும் இயக்கினோம். இப்போது மென்பொருள் உறையவில்லை.

தம்பி சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மென்பொருளை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும், பழைய தடுப்பான் அங்கேயேதான் இருந்திருக்கும். பழுது நீங்கியிருக்காது, கடிதங்கள் மட்டும் போயிருக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுபவருக்கு, எது காரணம் என்பது ஒருபோதும் தெரியவராது.

அன்று மாலை அப்பா நெடுநேரம் அந்தக் கணினியின் முன் அமர்ந்திருந்தார். பென்டிரைவை மேசை இழாப்பில் வைத்துப் பூட்டியும் விட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மூன்றாம் சோதனையில் அஞ்சல்கள் இறங்கியிருந்தால், அடுத்து எதைச் சோதித்திருப்பீர்கள்? ஏன்?
2. காத்திருக்கும் நேரம் இன்னும் ஒரு முறை இரட்டிப்பானால், மொத்தம் எத்தனை விநாடிகள்?
3. உங்கள் வீட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும் முக்கியமான கோப்பு எது? இந்த வாரமே அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.